மீட்கப்பட்டவர் வாக்குமூலம்

கையில் தையல் பிரித்த பதினோராம் நாள் வி.ஏ.ஓ. சுப்புராயன் காலனிக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "செல்லாயி வூடு இதான?" என்று கேட்டார்.

செல்லாயி வாசலில் உட்கார்ந்து இடது கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. மீதி மூன்று விரல்களும் மடங்கினால் நிமிராமல், நிமிர்ந்தால் மடங்காமல் இருந்தன. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தையல் போட்ட தடம் பூரான் மாதிரி ஓடியது.

"ஒம் பேர்ல வீரதீர விருதுக்கு ஆன்லைன்ல மனு போயிருக்கு. கலெக்டர் ஆபீஸ்லேந்து விசாரிக்கச் சொல்லிருக்காங்க. யாரு போட்டது?"

"எம் பொண்ணு ஜெயராணி, சார். சிதம்பரத்துல இ-சேவை மையத்துல வேல செய்யுது. அதான் பேப்பர்ல விருது வெளம்பரத்தப் பாத்துட்டுப் போட்டுச்சு."

"போட்டா மட்டும் ஆச்சா? நேர்ல பாத்த சாட்சி ரெண்டு பேரு வேணும். மீட்கப்பட்டவர் வாக்குமூலம் வேணும். அது இல்லாம ஃபைல் நகராது." அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். "இளமதி வாக்குமூலம் குடுத்துட்டா. ஒம் பேரு அதுல இல்ல."

செல்லாயி கீரைக் காம்பைக் கீழே வைத்தாள்.

"பின்ன யாரு பேரு இருக்கு?"

"அவ புருஷன் இளவரசு பேரு."

சிதம்பரத்துக்குத் தெற்கே பழைய கொள்ளிடத்தின் கரையில் இருக்கிறது மேலத்திட்டு. ஆறு என்பது பேருக்குத்தான். கோடையில் தண்ணீர் ஓடாது, நிற்கும். கரை நெடுகக் கோரையும் நாணலும், தண்ணீரின் மேல் வெங்காயத்தாமரையும் மண்டிக் கிடக்கும். அதற்குக் கீழே முதலை. வனத்துறைக்காரர்கள் படித்துறைக்குப் பக்கத்தில் பலகை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆடு போயிருக்கிறது, கன்றுக்குட்டி போயிருக்கிறது, ஆளும் போயிருக்கிறார்கள். இருந்தாலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், சேற்றுக் காலைக் கழுவ வேண்டும். பலகையைப் பார்த்துக்கொண்டேதான் ஊர் ஆற்றில் இறங்கியது.

அன்றைக்கு மாசி மாதத்து உச்சி வெயில். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். செல்லாயி வரப்பில் புல் அறுத்துக் கட்டிவிட்டு, முகம் கழுவக் கரையேறினாள். அப்போதுதான் இளமதியைப் பார்த்தாள். ஊரில் பெரிய நிலக்காரரான வைத்திலிங்கத்தின் மருமகள். கையில் குடம் இல்லை, துணி மூட்டை இல்லை. பலகையைத் தாண்டி, ஆள் போகாத இடமாகப் பார்த்து இறங்கினாள். முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. அவளுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை உண்டு என்பது ஊருக்கெல்லாம் தெரியும்.

"பாப்பா, அங்க எறங்காத" என்று செல்லாயி கத்தினாள். இளமதி திரும்பவில்லை.

தண்ணீர் ஒருமுறை உள்ளே வாங்கியது, முதலை அவளைக் கவ்வியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் செல்லாயியால் வரிசையாகச் சொல்ல முடிந்ததில்லை. ஓடினாள். கழுத்தளவு தண்ணீரில் இளமதியின் தலைமுடி கையில் சிக்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த கருக்கருவாளால் முதலையின் கண் இருக்கும் இடமாகக் கொத்தினாள். மூன்றாவதோ நான்காவதோ கொத்தில் அது இளமதியின் தொடையை விட்டுவிட்டு இவள் கையைக் கவ்வியது. அருவாளோடு சேர்த்துக் கவ்வியதால்தான் கை முழுசாகப் போகவில்லை என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

கரையில் இழுத்துப் போட்டதும் இளமதி கண்ணைத் திறந்து, "ஏன் இழுத்த செல்லாயி?" என்று கேட்டாள். அதைக் கேட்டது செல்லாயி ஒருத்திதான்.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன், கரையில் சற்றுத் தள்ளி வாத்து மேய்த்துக்கொண்டிருந்த காத்தவராயன். இளவரசு கார் எடுத்துக்கொண்டு வந்தபோது கால் மணி நேரம் ஆகியிருந்தது. மனைவியைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினான். செல்லாயியை ஏற்றவில்லை. சீட்டு நிறைய ரத்தமாக இருந்தது, இடம் இல்லை என்றான். காத்தவராயன்தான் தன் துண்டால் அவள் கையைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினான்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது அவள் புருஷன் அந்தோணிசாமி ஒரு காரியம் செய்தான். கொத்தனார் வேலை பார்ப்பவன். போலீஸ், வனத்துறை என்றாலே நாக்கு வறண்டு போகிறவன். முதலையை அடித்தால் கேஸ் என்று யாரோ சொல்லியிருந்ததை நினைத்துக்கொண்டு, "புல்லு அறுக்கறப்ப அருவா பட்டுடுச்சு" என்று எழுதச் சொல்லிவிட்டான். டாக்டர் அவனையும் கையையும் மாறிமாறிப் பார்த்தார். அவசரத்தில் அப்படியே எழுதப்பட்டுவிட்டது.

அந்தச் சீட்டு இப்போது சுப்புராயனிடம் இருந்தது.

"தோ பாரு செல்லாயி. ஒம் புருஷன் சொன்னது அருவாக் காயம். இளமதி சொன்னது புருஷன் காப்பாத்துனாருன்னு. காத்தவராயனும் அப்படியே எழுதிக் குடுத்துட்டான். நீயும் பாத்த சாட்சின்னு ஒரு கையெழுத்து போட்டுட்டா எல்லாருக்கும் நல்லது. முதலைய வெட்டுனேன்னு நீ சொல்லப்போயி, வனத்துறக்காரன் வந்தான்னா ஒனக்குத்தான் கஷ்டம்."

"அவுங்களுக்கு எதுக்கு சார் விருது?"

சுப்புராயன் வண்டியைக் கிளப்பினார். "இளவரசு எலெக்ஷன்ல நிக்கப் போவுது. அதெல்லாம் ஒனக்கு எதுக்கு?"

சாயந்திரம் ஜெயராணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் செல்லாயி நடந்ததைச் சொன்னாள். மகள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"உசுரக் காப்பாத்த அடிச்சா கேசு கெடையாதும்மா. நான் படிச்சுப் பாத்துட்டேன். பயமுறுத்துறாரு. நீ மட்டும் கையெழுத்து போட்டுடாத. போட்டீன்னா நீ தண்ணிக்குள்ளயே எறங்கலன்னு ஆயிடும். நாளைக்கு வனத்துறகிட்ட நிவாரணம் கேட்டாக்கூட அந்தக் காயிதத்தத்தான் நம்ம மொகத்துல காட்டுவான்."

அந்தோணிசாமி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். "நான்தாண்டி கெடுத்துட்டேன்" என்றான்.

"நீ ஒண்ணும் பேசாதப்பா."

"அவுங்க நெலத்துலதான் நம்ம தெருவே வேல செய்யுது. நாளைக்கு யாரையும் கூப்புட மாட்டாங்க."

"கூப்புடலன்னா போவுது. அம்மா இனிமே நடவு நட முடியுமா, களை பறிக்க முடியுமா? எந்தக் கையால செய்யும்? அந்தக் கை எப்படிப் போச்சுன்னாவது எழுதியிருக்கட்டுமே."

செல்லாயி ரசம் சோற்றை இடது கையால் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். மகள் பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது. முதலையைக் கொத்தியதுகூட அவளுக்கு அதிசயமாக இல்லை. ஆனால் ஊர் அவளைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதி, அதில் கலெக்டர் கையெழுத்து இருக்கும் என்று ஜெயராணி சொன்ன நாளிலிருந்து அந்த ஆசை மட்டும் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

"போடமாட்டேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி. வராண்டா பெஞ்சில் காத்திருந்தபோது இளமதி வந்தாள். ஒரு கட்டையை ஊன்றி நடந்தாள். கடிபட்ட கால் தரையில் இழுபட்டது. இளவரசு அவளை உட்காரவைத்துவிட்டு, "மாத்திர வாங்கிட்டு வரேன், நகராத" என்று போனான். அவன் படியிறங்கும் வரை இருந்துவிட்டு, இளமதி பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து செல்லாயி பக்கம் வந்தாள்.

"அக்கா" என்றாள்.

பெரிய தெருக்காரர்கள் யாரும் காலனிக்காரியான செல்லாயியை அப்படிக் கூப்பிட்டதில்லை. செல்லாயி திரும்பிப் பார்த்தாள்.

"கையெழுத்து போட்டுடுங்கக்கா."

"நீயே சொல்றியா பாப்பா?"

"நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு வந்தா, நான் எதுக்கு அங்க எறங்குனேன்னு விசாரிப்பாங்க. துணி இல்ல, கொடம் இல்ல. சாவத்தான் போனேன்னு தெரிஞ்சுடும். மாமனாரு சொல்லிட்டாரு, பைத்தியம்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிக் கொழந்தைய வெச்சுக்குவேன், ஒன்ன ஒங்க ஊருக்குத் தொரத்திடுவேன்னு. எங்க வூட்டுக்காரரு காப்பாத்துனாருன்னு சொன்னா, கால் வழுக்கி வுழுந்ததா எழுதிக்குவாங்களாம்."

"ஏன் பாப்பா எறங்குன?"

இளமதி கட்டையின் பிடியைச் சுரண்டினாள். "பொண்ணு பொறந்ததுலேந்து ஒருத்தரும் எங்கிட்ட பேசறதில்லக்கா. எங்கம்மா பண்ருட்டிலேந்து பாக்க வந்தா, கேட்டோட அனுப்பிடுவாங்க. எங்க வூட்டுக்காரரு போன ஒடச்சுட்டாரு. அடிக்கறதுகூடப் பரவால்ல. நான் சாப்புட ஒக்காந்தா சோத்துல தண்ணிய ஊத்திடுவாரு. ஊத்திட்டு, தின்னும்பாரு. தின்னு முடிக்கற வரைக்கும் எதுருல ஒக்காந்துருப்பாரு."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இளமதி பழைய இடத்துக்கு நகர்ந்தாள். இளவரசு வந்து இருவரையும் பார்த்துவிட்டு, "கை எப்படி இருக்கு செல்லாயி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

"இருக்குங்க" என்றாள் செல்லாயி.

மறுநாள் காலை அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திலிங்கம் வீட்டுக்குப் போனாள். மாட்டுக் கொட்டகைப் பக்கமாகப் போய் நின்றாள். வைத்திலிங்கம் வெளியே வந்தார்.

"கையெழுத்து போடறேங்கையா. ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணையும் கொழந்தையையும் பண்ருட்டிக்கு அவுங்கம்மா வூட்டுக்கு அனுப்பி வைங்க. அதுவா வரேன்னு சொல்ற வரைக்கும் யாரும் போயி கூப்புடக்கூடாது."

வைத்திலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எம் மருமவளுக்கு நீ பஞ்சாயத்து பண்ண வந்துட்டியா?"

"இல்லைன்னா நான் கடலூருக்கு, கலெக்டர்ட்டயே போறேங்கையா. எம் பொண்ணு கூட்டிட்டுப் போறேன்னு நிக்குது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாட்டின் கயிற்றை இழுத்துக் கட்டினார். "கால் ஆற வரைக்கும் அங்க இருந்துட்டு வரட்டும்னு நானே நெனச்சேன்" என்றார் கடைசியில். "மொதல்ல கையெழுத்து."

"மொதல்ல பஸ்ஸுங்க."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டி பஸ் புறப்பட்டது. ஜன்னலோரம் இளமதியும் மடியில் குழந்தையும். பக்கத்தில் அவள் அண்ணன் செந்தமிழ்செல்வன், பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்பவன். பஸ் வெளியே திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, செல்லாயி டீக்கடை ஓரம் நின்ற சுப்புராயனிடம் வந்தாள். அவர் தாளைப் படித்துக் காட்டினார். கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த நான், இளவரசு என்பவர் தம் உயிரைத் துச்சமாக மதித்து முதலையின் வாயிலிருந்து தம் மனைவியை மீட்டதை நேரில் கண்டேன். பதற்றத்தில் ஓடிவந்து தவறி விழுந்ததில் என் அரிவாளே என் கையில் பட்டுக் காயம் ஏற்பட்டது.

பேனாவை வாங்கினாள். பதினெட்டு வயசில் அறிவொளி இயக்க வகுப்பில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து. அதற்குப் பிறகு எங்கேயும் அவள் கைநாட்டு வைத்ததில்லை. மூன்று விரல்களில் பேனா நிற்கவில்லை. இரண்டு முறை கீழே விழுந்தது. சுப்புராயன் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். இடது கட்டைவிரலை ஊன்றிவிட்டு, மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் தெரிந்ததும் ஜெயராணி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "ஒனக்காகத்தாம்மா மனு போட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அம்மாவிடம் சோறு, தண்ணி தவிர வேறு பேச்சு இல்லை. இளமதி ஆஸ்பத்திரியில் சொன்னதைச் செல்லாயியும் அவளிடம் சொல்லவில்லை. அது வேறொருத்தி வீட்டு விஷயம் என்று இருந்துவிட்டாள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கடலூரில் கொடியேற்றிய மைதானத்தில் இளவரசுக்கு மெடல் குத்தினார்கள். படம் பேப்பரில் வந்தது. மேலத்திட்டு பஸ் நிறுத்தத்தில் வைத்த ஃபிளக்ஸில் இளவரசு கைகூப்பி நின்றான். பின்னால் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. செல்லாயி உளுந்து உடைக்கவும் ஆடு மேய்க்கவும் போய்க்கொண்டிருந்தாள். ஃபிளக்ஸைக் கடக்கும்போது பண்ருட்டியை நினைத்துக்கொள்வாள். அந்தப் பொண்ணு அங்கே தண்ணி ஊத்தாத சோறு தின்கிறாள், அது போதும் என்று இருக்கும்.

தை முடியும்போது இளமதி திரும்பி வந்தாள். கார் ஒன்று வந்து தெருவில் நின்றது. அதிலிருந்து அவள் அம்மா தில்லையம்மாளும் அண்ணனும் முந்திரிப் பருப்பும் பெட்டியுமாக இறங்கினார்கள். செல்லாயி தெருமுனையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய் வைத்திலிங்கத்தைக் கேட்க வேண்டும் போல இருந்தது. எதைச் சொல்லிக் கேட்பது? யாரும் போய்க் கூப்பிடவில்லை. அவர்களாகத்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

பங்குனியில் குழந்தைக்குக் காதுகுத்து. பாத்திரம் தேய்க்கச் செல்லாயியை வரச்சொல்லி இளமதி ஆள் அனுப்பியிருந்தாள். ஒரு கையால் பாத்திரம் தேய்க்கிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று அந்தோணிசாமி கேட்டான். செல்லாயி போனாள்.

கொல்லையில் அண்டாவும் குண்டானும் குவிந்து கிடந்தன. செல்லாயி குண்டானைக் காலால் அணைத்துக்கொண்டு இடது கையால் தேய்த்தாள். முதல் பந்தி எழுந்த நேரத்தில் இளமதி தண்ணீர் எடுக்கிற சாக்கில் கால் இழுத்துக்கொண்டு வந்தாள். முன்னைவிட இளைத்திருந்தாள்.

"ஏன் பாப்பா வந்த? அங்கயே இருந்துருக்கக் கூடாதா?"

"அனுப்பிட்டாங்கக்கா."

"பெத்தவ அனுப்புவாளா?"

"அம்மாட்ட எல்லாத்தயும் சொன்னேன். சோத்துல தண்ணி ஊத்துனத, அடிச்சத, எல்லாத்தயும். அம்மாவும் அண்ணனும் நம்பல. முதல வாயில கைய வுட்டு ஒன்னப் புடுங்கியாந்தவரு. கவர்மெண்டே மெடல் குத்திருக்கு. அப்பேர்ப்பட்டவரு மேல கொற சொல்றியேன்னு அண்ணன் கேட்டான். மெடல் வாங்குன போட்டோவ பிரேம் போட்டு எங்க வூட்டு நடுவுல மாட்டிருக்காங்கக்கா. அதுக்குக் கீழதான் ஒக்காந்து அழுதேன்."

செல்லாயியின் கை குண்டானில் நின்றுவிட்டது. தான் விரல் வைத்த தாளும் அந்தப் படத்தோடு சேர்ந்து அங்கே தொங்குவதுபோல் இருந்தது.

"அவருதான் காப்பாத்துனாருன்னு நானே எழுதிக் குடுத்துட்டு, இப்ப யாருகிட்ட மாத்திச் சொல்றது?" என்றாள் இளமதி.

முன்னால் பந்தலிலிருந்து இளவரசுவின் குரல் கூப்பிட்டது. இரண்டாம் பந்தியில் சிதம்பரத்திலிருந்து வந்த கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மெடல் பெட்டி கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. இளமதி போய் நின்றதும், "நான் சொன்னா பெருமைக்குச் சொல்றேம்பாங்க. நீயே சொல்லு, எப்படிக் காப்பாத்துனேன்?" என்றான் இளவரசு. வந்தவர்களுக்கெல்லாம் அவளை அப்படிச் சொல்லவைப்பது அவனுக்குப் பழக்கமாகியிருந்தது.

செல்லாயி கொல்லைக் கதவோரம் வந்து நின்றாள். அங்கிருந்து பார்த்தால் பந்தல் தெரியும்.

இளமதி சொன்னாள். கால் வழுக்கியது, தண்ணீர் இழுத்தது, தொடையில் பல் இறங்கியது. பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள். "அப்ப ஒரு கை வந்து எந் தலமுடியப் புடிச்சுது" என்றாள். "அந்தக் கையில கண்ணாடி வளையல் இருந்துச்சு. ஒடஞ்சு எங் கழுத்துல கீறிடுச்சு. தழும்பு இருக்கு."

புடவைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

சோறு பிசைந்த கைகள் நின்றன. பெரியவர் ஒருவர், "வளையலா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். இளவரசு சிரித்தான். "அன்னிலேந்து இப்படித்தாங்க. பயத்துல மண்ட கொழம்பிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் காட்டிக்கிட்டுதான் இருக்கோம்." தில்லையம்மாள் மகளைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். வைத்திலிங்கம் பந்தியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாயசம் எல்லாருக்கும் வந்துச்சா? வத்தக்கொழம்பு கேக்கறாங்க பாரு" என்றார். வாளிகள் நகர்ந்தன. கைகள் இலைக்குத் திரும்பின.

செல்லாயி அடுப்படிப் பக்கம் போனாள். அந்த வீட்டுக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. தில்லையம்மாள் மகளைச் சுவரோரம் நிறுத்திப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் வெச்சது பொய் கைநாட்டும்மா" என்றாள் செல்லாயி, அம்மாவுக்கும் மகளுக்கும் பொதுவாக. "ஒங்க மருமவன் வந்தப்ப இது கரையில கெடந்துச்சு. திங்கக்கிழம கடலூர்ல மனு வாங்குவாங்க. நான் போயி சொல்லப் போறேன். பாப்பா, நீயும் வர்றியா?"

இளமதி பந்தல் பக்கம் பார்த்தாள். உறவுக்காரி ஒருத்தி மடியில், காதில் ரத்தப் பொட்டோடு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"கொழந்தய தூக்கிட்டு என்னால வரமுடியாதுக்கா. விடமாட்டாங்க" என்றாள். "நீங்க போயி சொல்லுங்க. என்னக் கேட்டா நான் சொல்லிடறேன். எங்க வெச்சு கேட்டாலும் சொல்லிடறேன். வூட்டுக்கு வந்து கேக்கச் சொல்லுங்க."

திங்கட்கிழமை ஜெயராணி லீவு போட்டுவிட்டு வந்தாள். மனுவை அவளே எழுதியிருந்தாள். முதுநகர் தாண்டும்போது பஸ்ஸில் அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடலூர் கலெக்டர் ஆபீசில் வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார்கள். கௌண்டரில் இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"விருது ஒங்களுக்கு வேணும்னு கேக்குறீங்களா?"

"எனக்கு வேணாம் சார். அவருக்குக் குடுத்தது தப்புன்னு எழுதணும்."

"சாட்சி சொன்னது நீங்கதான? பொய் சாட்சி சொன்னது ஒங்க தப்பாவுமே."

"என் தப்புதான். அதயும் எழுதிக்குங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். "காப்பாத்தப்பட்டவங்க வாக்குமூலம் மாத்திக் குடுப்பாங்களா?"

"குடுக்கும் சார். வூட்டுல போயி அதத் தனியாக் கேளுங்க. புருஷன் இல்லாதப்ப கேளுங்க. கேட்டா சொல்றேன்னுச்சு."

அவர் மனுவின் மேல் முத்திரை குத்தி எண் எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு அனுப்புவோம் என்றார். விசாரணை தாலுகா ஆபீசுக்குப் போய், அங்கிருந்து வி.ஏ.ஓ. சுப்புராயனுக்கு வந்தது. செல்போனில் நிலவரம் பார்த்தபோது, 'விசாரிக்கப்பட்டது, ஏற்கெனவே தீர்வு காணப்பட்ட பொருள்' என்று ஜெயராணிக்கு வந்தது. அவள் மறுபடி போட்டாள். மறுபடி அதே பதில்.

மேலத்திட்டில் இப்போது செல்லாயியை வேலைக்குக் கூப்பிடுவாரில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு பெரிய தெரு வழியாக அவள் போகும்போது, வைத்திலிங்கம் வீட்டு மாடி ஜன்னலில் இளமதி நிற்பாள். பேசிக்கொள்ள முடியாது. யாராவது வந்தார்களா என்று செல்லாயி முகத்தைத் தூக்கிப் பார்ப்பாள். இளமதி இல்லை என்று தலையாட்டுவாள்.

அடுத்த மாசியும் போய்விட்டது. அவளைக் கேட்பதற்கு இதுவரை யாரும் வரவில்லை.